கருப்பு பீருக்குப் போட்ட சுண்ணாம்பு

என் மருமகள் போன மார்கழியில் ஒரு மிட்டாய் செய்தாள். அதைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக் கிழவி கடைசியில் சாராயத்தை உள்ளே விட்டுவிட்டாள் என்று ஒரு பேச்சு. கிழவி மருமகளைப் பாடாய்ப் படுத்திவிட்டாள் என்று இன்னொரு பேச்சு. பேசுகிறவர்கள் யாரும் அந்த மூன்று நாளும் எங்கள் வாசலில் நின்று பார்த்தவர்கள் இல்லை, எதிர்வீட்டுக்காரியைத் தவிர. அவளுக்கும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிற பழக்கம் கிடையாது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். அதனால் என்ன, இந்த வீட்டில் என்னை யாரும் அவசரமாகத் தேடுவதில்லை.

முதலில் அந்த மிட்டாயைச் சொல்லிவிடுகிறேன். கருப்பு சாக்லேட்டைக் கொத்தி, அதன் மேல் சூடான க்ரீமை ஊற்றிக் கிளறி, வெண்ணெய் சேர்த்து, ஆறவைத்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, கோகோத் தூளில் புரட்டி எடுப்பது. அவ்வளவுதான். பார்வைக்கு ஆட்டுப் புழுக்கையைக் கொஞ்சம் பெரிதாக்கின மாதிரி இருக்கும். கசப்பு கூடக் கூட உசத்தியாம். பாகற்காய் கூடத்தான் கசக்கிறது. அதை யாரும் பெட்டியில் அடுக்கி ரிப்பன் கட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பெயர் ட்ரஃபிள். என்னடா பெயர் இது என்று மகனிடம் கேட்டேன். வெளிநாட்டில் மண்ணுக்கு அடியில் ஒரு காளான் விளைகிறதாம். பன்றியை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டுவார்களாம். இந்த உருண்டை பார்க்க அது மாதிரி இருப்பதால் அதே பெயராம். விசேஷத்துக்குக் கொடுக்கிற பண்டத்துக்குப் பன்றி தோண்டிய பொருளின் பெயரை வைத்தவன் எவனோ, அவன் வீட்டில் பெரியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மருமகள் ஆழ்வார்திருநகரிப் பக்கம், வயல்காட்டு ஊர்க்காரி. காலேஜ் படித்தவள். நாலு வருஷமாக வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறாள். செல்போனைத் தேங்காய் எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் பேசுகிற ஒரு வெள்ளைக்காரிக்குத் தலையாட்டியபடியே சமைப்பாள். நான் பக்கத்தில் நின்று ஒன்று சொன்னால் அந்தத் தலை ஆடாது. மாவை நிறுப்பாள், சீனியை நிறுப்பாள், சரி. முட்டையை உடைத்து ஊற்றி அதையும் நிறுப்பாள். காய்ச்சல் பார்க்கிற குச்சி மாதிரி ஒன்றைச் சட்டிக்குள் விட்டு, எத்தனை டிகிரி என்று பார்ப்பாள். சட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். அவளுக்குத் தெரியாது, குச்சி சொல்ல வேண்டும்.

உப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மிட்டாய் மேல் தூவ உப்பு வேண்டும் என்றாள். ஜாடியில் இருக்கிறதே என்றேன். அது ஆகாதாம். இரண்டு நாள் கழித்து கூரியர்காரன் ஒரு சின்ன டின்னைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அளவு. வெளிநாட்டுக் கடல் உப்பு. என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் பாத்தி பாத்தியாக உப்பு, கண் கூசும். அந்த ஊருக்கு ஒருவன் கப்பலில் ஏற்றி உப்பு அனுப்புகிறான், ஒருத்தி கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள். நான் அந்த டின்னை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் கொடுத்ததுதான் அவளுக்குச் சுட்டிருக்கும்.

சாக்லேட் எங்கள் ஊர் வெக்கையில் நிற்காது. காற்றிலேயே ஈரமும் உப்புமாக இருக்கும். அதனால் மிட்டாய் செய்கிற நாளில் படுக்கையறையின் ஏசி மிட்டாய்க்கு. மகன் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுப்பான். கட்டின பெண்டாட்டியை விட்டு, அவள் செய்த உருண்டைக்குக் கட்டிலைக் கொடுத்தவனை வேறு எங்கே பார்க்க முடியும். கேட்டால் சிரிப்பான். அவன் அப்பா போல இல்லாமல் போனானே என்று ஒரு பக்கம் நிம்மதி, இப்படியும் இருக்க வேண்டுமா என்று ஒரு பக்கம் எரிச்சல்.

இப்படி இருக்கையில்தான் திரேஸ்புரத்தில் சொந்தமாகப் படகுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பத்து அம்மா எண்பது உருண்டை கேட்டாள். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் அவள் மகள் கிறிஸ்துமசுக்கு வருகிறாள். அந்த மகளுக்கு அங்கே ஒருவகை ட்ரஃபிள் தின்று பழக்கமாம். சாக்லேட்டில் கருப்பு பீரைக் காய்ச்சி ஊற்றிச் செய்வது. ஸ்டவுட் என்று ஒரு பீர், கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும். அதுதான் வேண்டும், வேறு வேண்டாம் என்றாள் அந்த அம்மா.

மருமகள் இதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகன் வேலை முடிந்து வந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்குகிற கிரேன் ஓட்டுகிறான். நான் வாசலில் வற்றலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். பெற்றவளுக்கு அது போதும்.

“சீட்டுக்கு அடியில என்னல வச்சிருக்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கா காலை ஊனிக்கிட்டு நிக்க?”

“கருப்பு பீரு. நாலு டின்னு. கூட வேல பாக்கவன் வாங்கித் தந்தான். குடிக்கதுக்கு இல்லம்மா, மிட்டாய்க்கு.”

“நாளைக்கு மிட்டாய்க்கு மண்ணெண்ணெய் வேணும்பா. அதையும் வாங்கிட்டு வருவியோ?”

மருமகள் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். கையில் மாவு கிளறுகிற துடுப்புக் கரண்டி.

“அத்த, அது காய்ச்சி வத்த வைக்கது. போதையெல்லாம் ஆவியாப் போயிரும்.”

“போதை போயிட்டா அப்புறம் அது எதுக்குளா? வெந்நிய ஊத்து.”

“வாசத்துக்கு அத்த.”

“வாசத்துக்குத்தான் உங்க மாமாவும் மொதல்ல குடிச்சாவ.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். டின்கள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே இருந்தன. ஸ்கூட்டர் கேட்டுக்கு வெளியே நின்றது.

என் வீட்டுக்காரர் குடித்துத்தான் போனார். அதில் சொல்ல ஒன்றுமில்லை, எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லாரும் இருக்கும்போதே, நான் வாசலில் நின்று சொன்னேன். இனி இந்த நடையைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே வராது என்றேன். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். துக்கத்தில் பேசுகிறவளா நான்.

அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்தது என் கூடப்பிறந்த அண்ணனை.

என் மகள் கல்யாணத்துக்கு அவன் தாய்மாமன். மாமன் மாலை அவன் கையால்தான் விழ வேண்டும். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தான். ஒரு கையில் மாலை, ஒரு கையில் சீர்ப்பை. பையை வாங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டுப்புடவைக்கு அடியில் பேப்பரில் சுற்றின பாட்டில்.

“இத வெளிய வச்சிட்டு உள்ள வா,” என்றேன்.

“மாப்ள வீட்டு ஆளுவளுக்கு வாங்குனதுளா. நான் தொடல.”

“யாருக்கு வாங்குனாலும் வெளிய.”

“எல்லாரும் பாக்காவ. மாமன வாசல்லயே நிறுத்துதியா?”

“ஒன்ன நிறுத்தல. அதத்தான்.”

“அப்ப நானும் அது கூட வெளியவே நிக்கேன்,” என்றான்.

நிற்கவும் இல்லை. மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டு, புடவையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பாட்டிலோடு திரும்பிப் போய்விட்டான். மாமன் மாலையை வேறொருவர் போட்டார். பதினெட்டு வருஷம் ஆகிறது. அவன் வரவில்லை, நான் கூப்பிடவில்லை.

இப்போது புரிகிறதா, அந்த நாலு டின் எனக்கு என்ன என்று. மிட்டாய்க்குத்தானே, கொஞ்சம்தானே என்று அது உள்ளே வந்துவிட்டால், அண்ணனை நான் எதற்கு வெளியே நிறுத்தினேன்? தெருவில் ஒருத்தி கேட்டால் கூடப் பதில் சொல்லிவிடுவேன். இதைக் கேட்டவள் நானாக இருந்தேன்.

மறுநாள் மருமகள் பீருக்குப் பதிலாகக் காப்பி டிகாஷனை ஊற்றிச் செய்து, அந்த அம்மாவுக்கு இரண்டு கொடுத்தனுப்பினாள். இது காப்பி என்று உடனே பதில் வந்துவிட்டது. கண்டுபிடித்தார்களே என்று எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். படகுக்காரர்களுக்கு நாக்கு இருக்கிறது.

மகன் சமாதானத்துக்கு வந்தான்.

“மொட்டமாடியில வச்சு நான் காய்ச்சித் தாரேன். வீட்டுக்குள்ள வராது.”

“மொட்டமாடி யாரு வீடு?”

“நம்ம வீடு.”

“அப்ப?”

“எதுத்த வீட்டுல வச்சுக் காய்ச்சட்டுமா?”

எதிர்வீட்டுக்காரி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றவள் அதற்கென்றே காத்திருந்தாள். “எங்க வீட்டுலயா? எங்க வீட்டு ஆளு நாலு டின்னையும் காய்ச்சாமலே வத்த வச்சிருவாரு,” என்றாள்.

மருமகள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபம். அழுதிருந்தால் அதைவிடச் சுலபம். அவள் வாங்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, திரும்பப் பரணில் ஏற்றினாள். “அவுகளுக்குச் செய்ய முடியலன்னு நாளைக்குக் காலையில சொல்லிருதேன் அத்த,” என்று மட்டும் சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை நான் அறிவேன். உப்பு டின்னைத் திருப்பிக் கொடுத்தபோது நான் காட்டினது அதுதான்.

திங்கட்கிழமை காலையில் காப்பி குடித்து வெற்றிலை போட உட்கார்ந்தேன். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தபோது ஒன்று தோன்றியது.

என்னைப் பெற்ற ஐயா பனையேறி. அண்ணனும் பனையேறினவன். பனைமரத்துச் சமாச்சாரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாளையில் கலயம் கட்டுகிறோம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர். பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கலாம். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் இறங்குவது கள். அதே மரம், அதே பாளை, ஏறுகிற ஆளும் அதே ஆள். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். நான் பிறந்து கண் திறந்த நாளிலிருந்து பார்த்தது இது. அந்தப் பதநீரைக் காய்ச்சினால்தான் கருப்பட்டி. எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் கருப்பட்டி மாதாமாதம் வரும். சந்தையில் வாங்கினேன் என்று மகன் சொல்வான். சொல்லட்டும்.

அப்படியென்றால் இந்தப் பீருக்கும் சுண்ணாம்பு போட்டால் போயிற்று. போதை செத்துவிடும். செத்ததை உள்ளே கொண்டுவருவதில் என் சொல்லுக்கு என்ன பங்கம்?

மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். போனில் தேடிப் பார்க்கப் போகிறாளோ என்று நினைத்தேன். தேடவில்லை.

“சுண்ணாம்பு எத்தன கிராம் அத்த?” என்றாள்.

“ஒரு விரல்.”

“எந்த விரல்?”

“ஏளா, தராசக் கொண்டா. என் விரல வெட்டித் தாரேன், நிறுத்துக்கோ.”

அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு வாங்கி உபயோகிக்காமல் கிடந்த மண்பானை ஒன்று இருந்தது. கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், மூன்று செங்கல் வைத்து அதன் மேல் பானையை வைத்தோம். உட்புறம் கையை விட்டுச் சுண்ணாம்பை வளைத்துத் தடவினேன். மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நின்றான், துறைமுகத்தில் கப்பலெல்லாம் அவனுக்காகக் காத்துக் கிடக்கும் போல முகத்தை வைத்துக்கொண்டு. ஒவ்வொரு டின்னாகத் திறந்து ஊற்றினான். பாலைவிடக் கெட்டியான நுரை எழும்பிப் பானையின் கழுத்து வரைக்கும் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சங் கொஞ்சமாக நுரை செத்தது. பீர் கலங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டுக்காரி கேட்டாள், “என்னக்கா, பீருக்கு வெத்தல போட்டு விடுதியளா?”

“ஒங்க வீட்டு ஆளையும் கூட்டிட்டு வா. அவரு உள்ளயும் ஒரு விரல் தடவி அனுப்புதேன்,” என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணி நேரம் பானையை அசைக்காமல் வைத்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்தது. தெளிந்ததை மட்டும் வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்து, என் கையாலேயே தூக்கிக்கொண்டு, நடையைத் தாண்டி உள்ளே வந்தேன். வேறு யாரையும் தூக்க விடவில்லை. தெருவில் யார் பார்த்தாலும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்று நிதானமாகவே வந்தேன்.

அடுப்பில் வைத்தபின் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்குக் கொதிக்கிற பொருளுக்கு முன்னால் நிற்கத் தெரியாது என்று. நுரை திரண்டு வரும்போது குச்சியில் டிகிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கரண்டியை வாங்கிக்கொண்டு அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி வெண்ணெயைத் தடவினேன். அதற்கு மேல் நுரை ஏறவில்லை. பதநீர் காய்ச்சுகிறவர்கள் ஆமணக்கு முத்தைப் பொடித்துப் போடுவார்கள், அதே கணக்கு. போனில் இருந்த வெள்ளைக்காரி இதைச் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு மணி நேரம் நின்றேன். நாலு டின் பீர் வற்றி ஒரு டம்ளர் பாகாக நின்றது.

வற்றிக்கொண்டு வந்தபோது ஒரு வாசம் வந்தது. கருப்பட்டி இறக்குகிற பதத்தில், பதநீர் பாகாகத் திரளுகிற கூப்பனியில் வருகிற வாசம் அது, லேசாகத் தானியம் தீய்ந்தாற்போல. எனக்கு அது பிடிக்கவில்லை. சாராயத்துக்குச் சாராய நாற்றம்தான் இருக்க வேண்டும். நல்ல பொருளின் வாசத்தைத் திருடிக்கொண்டு வந்தால் மனிதன் எப்படி அதை அடையாளம் காண்பது?

அதன் பிறகு அவள் வேலை. க்ரீமைச் சூடாக்கி, பாகைச் சேர்த்து, கொத்தின சாக்லேட்டின் மேல் ஊற்றி, நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகக் கிளறினாள். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதை நன்றாகத்தான் செய்தாள். ஏசி அறையில் வைத்து இறுகினபிறகு உருட்ட உட்கார்ந்தோம். என் கையில் ஆஸ்பத்திரி உறையை மாட்டிவிட்டாள். பிரசவம் பார்க்கப் போகிறோமா மிட்டாய் உருட்டப் போகிறோமா என்று கேட்டேன். கைச்சூட்டில் உருகிவிடுமாம். அவள் முப்பது உருட்டுவதற்குள் நான் ஐம்பது உருட்டினேன். மிஞ்சின கலவையையும் நானே உருட்டி முடித்தேன். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. போதை செத்ததுதான். ஆனாலும் வைக்கவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

படகுக்கார அம்மா தானே வந்து வாங்கிப் போனாள். மகளும் கூட வந்திருந்தாள். ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்கினவள் மாதிரி மெல்ல மென்றாள்.

“ஆன்ட்டி, இதுல ஒரு மினரல் டேஸ்ட் இருக்கு. அங்க கிடைக்கிறதுல இது இல்ல,” என்றாள் மருமகளைப் பார்த்து.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். வெற்றிலைச் சுண்ணாம்புக்கு இங்கிலீஷில் மினரல் என்று பெயர் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். படித்தவர்கள் எதையும் புகழ்ந்துவிடுவார்கள், கண்ணை மட்டும் மூடிக்கொள்ள வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். என் சொல்லும் நின்றது, மிட்டாயும் போய்ச் சேர்ந்தது. தெருவில் நிமிர்ந்துதான் நடந்தேன்.

எண்பது போக எட்டு உருண்டை மிச்சம் இருந்தது. அதில் ஆறை மகன் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனான், கருப்பட்டி வாங்கி வருகிறேன் என்று. எங்கே போகிறாய் என்று நான் கேட்பதில்லை, கேட்டால் பொய் சொல்வான், எதற்கு அவனுக்கு அந்தப் பாவம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். நான் கதவுக்குப் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“ஏலே மருமவனே, மிட்டாயத் தின்னேன்,” என்றது போன்.

பதினெட்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன். குரலுக்கு வயதாகியிருந்தது. ஆனால் அவன்தான்.

“எப்படி இருக்கு மாமா?”

“அத யாரு செஞ்சது? ஒம் பொண்டாட்டியா, ஒங்கம்மையா?”

“அவதான். ஏன்?”

“பொய் சொல்லாத. சுண்ணாம்பு கூடிப்போச்சு. பீருல சுண்ணாம்பு போடுத ஆளு இந்த ஜில்லாவுல ஒருத்திதான் இருப்பா.”

மகன் திரும்பிப் பார்த்தான். நான் கீரையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தேன். அவன் போனை அணைக்கக் கையை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அண்ணன் பேசிக்கொண்டே போனான். “பதநி புளிக்காம இருக்கத்தான்ல சுண்ணாம்பு. புளிச்சு முடிஞ்சதுல சுண்ணாம்பப் போட்டா அது பதநி ஆயிருமா? கள்ளுல சுண்ணாம்பப் போட்டா அது சுண்ணாம்பு போட்ட கள்ளு. பனையேறி மவளுக்கு இது தெரியாதாக்கும்.”

எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன. கலயத்தைக் கட்டுவதற்கு முன்னால் தடவ வேண்டியது அது. இறங்கின கள்ளில் யாரும் சுண்ணாம்பைப் போட்டு அதைத் திருப்பிவிட முடியாது. ஐந்து வயதில் தெரிந்தது எனக்கு எழுபது வயதில் தெரியாமல் போயிற்று. அன்றைக்குக் காலையில் எனக்கு அது தெரியாமல் இருக்க வேண்டியிருந்தது, அதனால் தெரியவில்லை. அப்படியென்றால் நான் பானையிலிருந்து வடிகட்டி, என் கையாலேயே தூக்கி, தெருவே பார்க்க நடை தாண்டிக் கொண்டுவந்தது என்ன? பீர்தான். பாட்டிலோடு வந்த அண்ணனை எந்த இடத்தில் நிறுத்தினேனோ, அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தேன்.

ஸ்கூட்டரின் மேல் இருந்த போனை எடுத்தேன். ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்தேன்.

“ஒங் கருப்பட்டியில தேரிமணலு கெடக்கு,” என்றேன். “போன மாசம் வந்ததுலயும் கெடந்துச்சு. ஒழுங்கா வடிகட்டத் துப்பில்ல, எனக்குச் சுண்ணாம்பு சொல்ல வந்துட்டான்.”

போனில் அவனுக்குப் பின்னால் ஒரு ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

“அப்ப அது எங் கருப்பட்டின்னு ஒனக்குத் தெரியும்,” என்றான் கடைசியில்.

“தெரியாம? சந்தையில வாங்குததுல ஓலப்பொட்டி வாசம் அப்படியா இருக்கும்.”

“எத்தன வருசமாத் தெரியும்?”

“மொத வருசத்துலருந்தே தெரியும்.”

“தெரிஞ்சுதான் தின்னியாக்கும்.”

“காசு குடுத்தா வாங்குனேன், தின்னாம இருக்க? சும்மா வந்தது, தின்னேன்.”

அவன் சிரித்தானா இருமினானா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவனுக்கு ஒரே சத்தம்தான், சின்ன வயதிலிருந்தே.

“பொங்கலுக்கு வரட்டாளா?” என்றான்.

மகன் ஸ்கூட்டர் டயரை நன்றாகக் கழுவிக்கொண்டிருந்தான், கழுவின டயரையே.

“வந்தா வெறுங்கையோட வா,” என்றேன். போனை மகனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என்ன சொன்னான் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மருமகள் அடுப்படியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், இந்த வீட்டுச் சுவருக்குக் கனம் கிடையாது. ஃபிரிட்ஜைத் திறந்து, மிச்சம் இருந்த இரண்டு உருண்டையையும் ஒரு சின்னத் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். அந்த வெளிநாட்டு உப்பை மேலே இரண்டு சிட்டிகை தூவியிருந்தாள். வேண்டுமென்றுதான் செய்தாள்.

இனிமேல் எதைக் காப்பாற்ற வேண்டும். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். முதலில் கசந்தது. பிறகு அந்தத் தீய்ந்த வாசம் மேலே வந்தது, கூப்பனி வாசம். உப்பு நாக்கில் கரகரத்தது, உப்புக்கு என்ன, எந்த ஊரில் விளைந்தாலும் உப்புதான். எல்லாம் கரைந்து போனபின், நாக்கின் ஓரத்தில், வெற்றிலையை முழுங்கினபின் நிற்குமே ஒரு காரம், அது நின்றது.

“எப்படி இருக்கு அத்த?” என்றாள்.

“இதுக்கா எண்பது உருண்டை,” என்றேன். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன்.

சுண்ணாம்பு கூடித்தான் போயிருந்தது. பொங்கலுக்கு அவன் வந்து கேட்டாலும் அதை நான் அவனிடம் சொல்லப் போவதில்லை.